மாறி வந்த ஜாக்கெட்

ஆன்லைனில் வாங்கிய பொருள் மாறி வந்தால் பதறக் கூடாது, ஐயா. எங்கள் ஊரில் பெட்டி வந்ததும் கத்தியால் கிழித்துவிட்டு, அப்புறம் கொண்டுவந்தவனைத் திட்டுவார்கள். நான் அப்படியில்லை. செல்போனில் வீடியோ ஓடவிட்டுத்தான் பிரிப்பேன். பொருளில் தொங்கும் சீட்டைக் கிழிக்க மாட்டேன். அதனால்தான் யாருக்கு எது மாறி வந்தாலும், கேசவனைக் கேள் என்பார்கள்.

அண்ணன் தேசப்பனுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் ஆர்டர் போட்டேன். வலை இழுக்கும்போது தோள்மூட்டு விலகியதிலிருந்து அவரால் நீந்த முடியாது. வாங்கும்போது என் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்தது வேறு. பைக் ஓட்டுகிறவர்கள் போடும் ஜாக்கெட். அதே ஆரஞ்சு நிறம், அதே வார்கள். உள்ளே மட்டும் ஸ்பாஞ்ச். தொட்டியில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு தண்ணீரைக் குடித்துக் கனத்து அடியில் போய் உட்கார்ந்தது. உடனே போன் போட்டேன். பேசிய பெண் தங்கமான பெண்.

"சாரி சார், சரியானத அனுப்பிடுறோம். வந்தத திருப்பி அனுப்ப வேணாம். நீங்களே வச்சுக்கோங்க, இல்ல யாருக்காச்சும் குடுத்துடுங்க."

சரியானது வந்தது. அதை நான் வைத்துக்கொண்டேன். மற்றதை வெயிலில் காயவைத்து அண்ணனுக்குக் கொடுத்தேன். யாருக்காவது கொடுக்கச் சொன்னது கம்பெனிதான்.

நீங்கள் திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். உங்கள் நிலத்துக்குப் பத்திரம் உண்டு. நாங்கள் மீன் பிடிக்கிற ஏரிக்கு அது கிடையாது. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அந்த உரிமையைப் பாடு என்போம். எங்கள் நைனாவின் பாடு, மூத்தவர் என்று அண்ணனுக்குப் போனது. நான் அவர் படகில் சுக்கான் பிடிக்கிறவன். பிடித்த மீனில் பாதியை எடுத்துக்கொள் என்பார், நல்ல மனுஷன். ஆனால் கொடுக்கிறவர் அவர், வாங்குகிறவன் நான். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குன்னு வாங்கினியாடா? இன்னா மெத்து மெத்துன்னு கீது!" என்றார். டீக்கடைக்கே அதைப் போட்டுக்கொண்டு போனார்.

முகத்துவாரத்தை ஒட்டி எங்கள் முறை வந்த அன்று நீரோட்டம் வேகமாக இருந்தது. படகை அலைக்குக் குறுக்கே திருப்பினேன். கவிழ்ந்தது. அண்ணன் ஜாக்கெட்டை நம்பி, நல்ல கையைக்கூட அடிக்கவில்லை. அவ்வளவு நம்பினால் நான் என்ன செய்வேன்?

ஆனால் ஊர் கூடி, பாடு அவர் மகன் இளவழகனுக்குத்தான் என்று சொல்லிவிட்டது. அவன் பொன்னேரியில் தங்கிப் படித்தவன், நீச்சல் அரைகுறை. அண்ணி லோகநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தம்பி, உன் உசுர காப்பாத்துச்சே, அது மாரி ஒண்ணு புள்ளைக்கு வாங்கிக் குடுப்பா."

வாங்கினேன். இந்தத் தடவை பைக் ஜாக்கெட் என்றே தேடிப் பிடித்து ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தபோது நான் வீட்டில் இல்லை. பையனே பிரித்துப் போட்டுக்கொண்டான். வீடியோ எடுக்கவில்லை. படித்த பிள்ளை! படகில் ஏறும்போது பார்த்தேன், அதே ஆரஞ்சு. எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதே இடம், அதே திருப்பல். நான் கரையேறி, அண்ணியிடம் எப்படி அழுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் மிதந்து வந்தான்.

குளிரில் பல் தந்தியடிக்க என்னைக் கட்டிக்கொண்டான். "சித்தப்பா, நீ வாங்கிக் குடுத்ததுதான் என்னத் தூக்கிச்சு!"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, பொருள் மாறி வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். படகு எஞ்சின் சத்தத்தில் என் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"ஆமா சார், நீங்க கேட்டது பைக் ஜாக்கெட், நாங்க லைஃப் ஜாக்கெட் அனுப்பிட்டோம். எங்க தப்புதான் சார், மாத்திடுறோம்."

பையனுக்குச் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "பைக்கு ஜாக்கெட்டா? எம் புள்ளைகிட்ட சைக்கிள்கூட கெடையாதே," என்றாள். செம்பு கீழே விழுந்தது. அப்புறம் ஊரே வந்துவிட்டது.

அண்ணனைக் கொன்றது நான்தான். பையனைக் கொல்லப் பார்த்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. முதல் தடவையே அவர்கள் சரியான பொருளை அனுப்பியிருந்தால் என் அண்ணன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அவர்கள் மேல் புகார் எழுத எனக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள், ஐயா.