கோட்டுக்கு வெளியே நின்றவர்

தம்பி: மெதுவா வை அக்கா காலை. தண்ணி கொதிக்குது.

அக்கா: கொதிக்கட்டும். ரெண்டு கால்லயும் உணர்ச்சியே இல்ல... ஆ! ...இருக்கு, இருக்கு.

தம்பி: பத்து வயசுப் பிள்ளைங்க மேட்ச். மொத்தமே அம்பது நிமிஷம். இதுக்கா இந்தப் பாடு?

அக்கா: உட்கார்ந்த இடத்துலேயே பஸ்ஸை ஓட்டி ஊரைச் சுத்துறவன் நீ. உனக்கென்ன தெரியும்? பந்து போற பக்கமெல்லாம் அதுங்க ஓடுதுங்க. அதுங்க ஓடுற பக்கமெல்லாம் நான் ஓடணும்.

தம்பி: நீ எதுக்கு இதுல போய் மாட்டினே?

அக்கா: உன் மருமக விளையாடுற ஃபுட்பால் க்ளப்புல ரெஃப்ரி இல்லாம ரெண்டு மேட்ச் நின்னு போச்சு. பெத்தவங்க யாராவது கத்துக்கிட்டு வாங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க ஷூவைப் பார்த்தாங்க. நான் மட்டும் நிமிர்ந்துட்டேன்.

தம்பி: நல்லா மாட்டினே! சரி, சொல்லு. முதல் மேட்ச் எப்படிப் போச்சு?

அக்கா: வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

தம்பி: டியூட்டி இருந்துச்சு அக்கா...

அக்கா: இன்னைக்கு உனக்கு லீவு. உன் பொண்டாட்டி சொன்னா. சரி விடு. டாஸ் போடக் காசைச் சுண்டினேன். புல்லுக்குள்ள விழுந்து காணாமப் போச்சு. ரெண்டு கேப்டனும் நானும் மண்டி போட்டுத் தேடுறோம். கடைசில ஒருத்தன், "பரவாயில்ல மிஸ், நாங்களே பேசி முடிச்சுக்கிறோம்"ங்கிறான்.

தம்பி: அவனையே ரெஃப்ரி ஆக்கியிருக்கலாம்.

அக்கா: சிரிக்காதே. விசிலை வாயில வெச்சு ஊதினா வெறும் காத்துதான் வருது. அப்புறம் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். ஒருத்தன்கூட நிக்கல.

தம்பி: லேப்ல ஊசியைக் கையில எடுத்தா எவ்வளவு பெரிய ஆளையும் அதட்டுவியே!

அக்கா: அங்க பயப்படுறது அவங்க. இங்க நான்... நடுவுல ஒரு பொண்ணு வந்து காலை நீட்டுது. ஷூ லேஸ் கட்டி விடணுமாம். கட்டிட்டு நிமிர்றேன், கோல்! யாரு போட்டா, எப்படிப் போட்டா, ஒண்ணும் தெரியாது.

தம்பி: அய்யய்யோ. என்ன பண்ணினே?

அக்கா: வாங்கின கோல்கீப்பர்கிட்டயே போய்க் கேட்டேன். "கோல்தான் மிஸ்"னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னான். பொய் சொல்லியிருக்கலாம்ல? சொல்லலடா.

தம்பி: நல்ல பிள்ளை.

அக்கா: பிள்ளைங்க எல்லாமே நல்ல பிள்ளைங்கதான். ரெண்டாவது பாதியில ஒரு அப்பா ஆரம்பிச்சாரு பாரு...

தம்பி: கத்தினாரா?

அக்கா: கோட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டு, "ரெஃப்ரி அம்மா, கண்ணை வீட்டுலேயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டீங்களா?"ன்னாரு. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க.

தம்பி: அவரு பையன்?

அக்கா: என்ன?

தம்பி: அவரு பையன் சிரிச்சானா?

அக்கா: இல்ல. குனிஞ்சு சாக்ஸை இழுத்து விட்டுக்கிட்டே இருந்தான்... எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சுடா.

தம்பி: அப்பா இதைவிடப் பிரமாதமாக் கத்துவாரு.

அக்கா: மழையில குடையை மடக்கிட்டு, அதாலேயே கோல் போஸ்ட்டைக் காட்டிக் காட்டி...

தம்பி: தொப்பலா நனைவாரு! குடை கையில இருக்கும், ஆளு நனைவாரு!

அக்கா: உன் மேட்சுக்கு ஒரே சைக்கிள்ல மூணு பேரும் போவோம். நீ முன்னாடி பார்ல, நான் பின்னாடி உன் ஷூப் பையை மடியில வெச்சுக்கிட்டு. நாத்தம் தாங்காது.

தம்பி: ஜெயிச்சா வீடு வர்ற வரைக்கும் பாடுவாரு.

அக்கா: பாடுறதா அது? நாய் எல்லாம் துரத்தும்... அந்த மூணு வருஷம்தான்டா நம்ம வீட்டுலேயே நல்ல காலம். சனிக்கிழமை எப்போ வரும்னு இருக்கும் எனக்கு.

தம்பி: உனக்கு இருக்கும்.

அக்கா: உனக்கு இல்லையா? உன் முட்டி மட்டும் சரியா இருந்திருந்தா நீ எங்கேயோ போயிருப்பேடா.

தம்பி: அக்கா... முட்டிக்கு ஒண்ணுமே இல்ல.

அக்கா: என்னது?

தம்பி: வலியே இல்ல. அன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. அந்தக் கடைசி மேட்ச் ஞாபகம் இருக்கா? பல்லுல கம்பி போட்ட ஒரு காலேஜ் பையன் ரெஃப்ரியா வந்தான்.

அக்கா: அப்பாகூட அவனை "பால் பாட்டில் எங்கடா"ன்னு...

தம்பி: ஆமா, அவன்தான். மேட்ச் முடிஞ்சு தண்ணி குடிக்கப் போனேன். ஸ்டோர் ரூமுக்குப் பின்னாடி நின்னு அழுதுக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நல்லா விளையாடினே தம்பி"ன்னு சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அடுத்த சனிக்கிழமை முட்டி வலின்னு படுத்துட்டேன்.

அக்கா: எக்ஸ்-ரே எல்லாம் எடுத்தாங்களேடா!

தம்பி: எடுத்தாங்க. டாக்டரு அப்பாவை மட்டும் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு. அகப்பட்டுக்கிட்டேன்னுதான் நினைச்சேன். வெளியே வந்த அப்பா, "கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கச் சொன்னாருடா"ன்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் ஆறு மாசம் தைலம் தேய்ச்சாரு. நல்லாருக்கிற முட்டியில! நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு "ஆ, ஊ"ங்கணும்.

அக்கா: அடப்பாவி.

தம்பி: உங்க சத்தம்தான்ப்பா காரணம்னு அவரு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்ல? எனக்காகத்தானே கத்தினாரு. அவரு போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. அதுல ஒரு நிம்மதி... அதான்கா, கிரவுண்டு பக்கமே வர முடியல. நீ நடுவுல நிக்க, எவனோ ஒருத்தன் வெளியே நின்னு உன்னைத் திட்டுறதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்ல.

அக்கா: ...கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்துடா.

தம்பி: போதுமா?

அக்கா: போதும். உட்காரு... நான் இன்னைக்கு விசிலைத் திருப்பிக் குடுக்கத்தான் போனேன்.

தம்பி: யாருகிட்ட?

அக்கா: எங்களுக்கு ரெஃப்ரி பாடம் எடுக்கிற மொட்டை சார்கிட்ட. இது எனக்கு ஒத்து வராது சார்னேன். அவரு என் ஃபாரத்தை எடுத்தாரு. அப்பா பேரு எழுதியிருக்கிற இடத்துல விரலை வெச்சாரு. "உங்கப்பாவும் முதல் மேட்ச் முடிஞ்சு இதே மாதிரிதான் விசிலை நீட்டினாரு"ன்னாரு.

தம்பி: எந்த அப்பா?

அக்கா: நமக்கு எத்தனை அப்பாடா? சனிக்கிழமை சனிக்கிழமை குடோன்ல ஓவர்டைம்னு ரெண்டு வருஷம் போனாரே...

தம்பி: நான் விளையாடுறதை நிறுத்தினதுக்கு அப்புறம்... ஆமா.

அக்கா: ஓவர்டைம் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்க கிரவுண்டுல சின்னப் பிள்ளைங்களுக்கு ரெஃப்ரியா நின்னிருக்காரு.

தம்பி: அப்பாவா? ...நம்ம அப்பா விசில் ஊதினாரா?

அக்கா: முதல் மேட்ச்லேயே ஒருத்தர் வெளியே நின்னு கன்னாபின்னான்னு கத்தியிருக்காரு. அப்பா ஆட்டத்தை நிறுத்திட்டு நேரா அவரைப் பார்த்து நடந்தாராம். கைகலப்புதான்னு நினைச்சு மொட்டை சார் பின்னாடியே ஓடியிருக்காரு.

தம்பி: அடிச்சிட்டாரா?

அக்கா: இல்லடா. சார் இதைச் சொன்னப்போ நான் நம்பல, இப்போ நீ சொன்னதும்தான் நம்புறேன். பக்கத்துல போய், அந்த ஆளு காதுல விழுற அளவுக்கு மெதுவாத்தான் பேசியிருக்காரு. "சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்குங்க. என் பையன் என் சத்தம் தாங்க முடியாம, கால் வலின்னு சொல்லிட்டு வீட்டுல படுத்திருக்கான்"னு.