மங்கு உரித்த கதை

உலகத்தார் அனைவரும் அறியும்பொருட்டு ஒரு மகத்தான செய்தியை இதனால் அறிவிக்கிறேன்: ஐம்பத்தொன்பதாவது வயதில், என் இடது கன்னத்தில் மங்கு என்று படர்ந்திருந்த பழுப்புத் திட்டை உரித்தெடுப்பதற்காக நான் ஒரு தோல் அழகு நிலையத்துக்குப் போனேன்.

இதைச் சொன்னதும் நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. "முகத்துக்கு கிரீம் போட்டதுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாதும்மா, வீட்டுக்குப் போங்க" என்கிறீர்கள். அவசரமில்லை. மீதியையும் கேட்டுவிட்டு மூடுங்கள்.

அந்த மங்கு, மகள் வயிற்றில் இருந்தபோது வந்தது. மகள் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள், மங்கு போகவில்லை. என் கணவர் அதற்கு டீக்கறை என்று பெயர் வைத்தார். நாளடைவில் அதுவே எனக்கும் பெயராயிற்று. விருந்தாளிகள் வந்தால், "ஏ டீக்கறை, ரெண்டு காபி கொண்டா" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரே நகைச்சுவைக்கு முப்பத்துநான்கு வருடம் சிரிப்பதற்குத் தாடையில் நல்ல பலம் வேண்டும்.

அவர் குடிநீர் வாரியத்தில் நீர்ப் பரிசோதகராக இருந்தவர். தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீரைச் சீசாவில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்வது உத்தியோகம். ஊரே இவருடைய தீர்ப்புக்காக வாய் உலர்ந்து காத்திருப்பதாக ஒரு நினைப்பு. தெரியாதவர் கையால் எதையும் வாங்கி வாயில் வைக்க மாட்டார்.

நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. மகளின் பெயர் போயிற்று. கழிப்பறை இருக்கும் திசை போயிற்று. இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மாதான் முதலில் கவனித்தாள்.

"நான் ஊட்டினா துப்பிடறாரும்மா. நீங்க ஸ்பூனை நீட்டினாலும் உடனே வாயைத் திறக்கறதில்ல, பாருங்க. கட்டைவிரலால உங்க கன்னத்தை ஒரு தடவு தடவறார். மங்கு இருக்கான்னு பாத்துட்டுத்தான் கஞ்சி உள்ள போகுது."

இதை அவள் சொன்னது, நான் அழகு நிலையத்தில் கால் வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. அதை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு சிட்டிங்குக்கான அட்டையை மகள் பிறந்தநாள் பரிசாக அனுப்பியிருந்தாள். "அப்பாவையே பாத்துட்டிருக்க. உனக்குன்னு ஏதாவது செஞ்சுக்கம்மா" என்று போனில் சொன்னாள். அவள்மீது குற்றமில்லை.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் என் கன்னத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஏதோ கண்டம் கண்டுபிடித்தவள்போலப் பெருமூச்சு விட்டாள். அவளுக்குப் பின்னால் சுவரில் பதினொரு சான்றிதழ்கள். அவள் தடவிய திரவம் எறும்பு ஊர்வதுபோல எரிந்தது. மூன்றாம் நாள் தோல் வெங்காயச் சருகுபோல உதிர்ந்தது. வலி பெரிதில்லை. அரை மணி நேரம் ஒரு கை என் முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதிலுக்கு என்னிடம் சாப்பாடு கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன். மருந்து எரிகிறது என்று நினைத்து அவள் மின்விசிறியைக் கூட்டினாள்.

இரண்டாவது சிட்டிங்குக்குப் பிறகு அவருடைய கட்டைவிரல் என் கன்னத்தில் நெடுநேரம் தேடியது. மூன்றாவதற்குப் பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க புதுசாம்மா? எங்க வீட்டம்மா எங்க?"

"வெளிய போயிருக்காங்க" என்றேன்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. அவ கன்னத்துல ஒரு மங்கு இருக்கும், பாத்திருக்கீங்களா? அவ்வளவு அழகு. காலைல அதைப் பாத்தாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சேச்சே. சொன்னா தலைமேல ஏறி உக்காந்துக்குவா." குறும்பாகச் சிரித்தார்.

நான்காவது சிட்டிங்குக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

அன்றிலிருந்து அவர் என் கையால் எதையும் வாங்கவில்லை. தண்ணீரை மட்டும் தானே குழாயில் பிடித்து, ஜன்னல் பக்கம் உயர்த்திப் பார்த்துக் குடித்தார். நர்ஸம்மா கெட்டிக்காரி. இரண்டாம் நாள் தன் கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, "ஆடாம இருங்கம்மா" என்று என் கன்னத்தில் பழுப்பாகத் தீற்றிவிட்டாள். அவர் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு கிண்ணம் கஞ்சியும் உள்ளே போயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "எங்கடி போய்த் தொலைஞ்ச, டீக்கறை? கஞ்சியில உப்பு இல்ல" என்றார்.

நர்ஸம்மா கைதட்டினாள். பென்சிலை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

நான் குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டு முகம் கழுவினேன். மறுநாள் அவளிடம், இனி நானே பார்த்துக்கொள்கிறேன், உன் உதவிக்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகளிடம் போனில், அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார் என்றேன். டாக்டரைக் கூப்பிடவில்லை.

அதன்பிறகு பதின்மூன்று நாள். வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சி எதிரே உட்கார்ந்தேன். அவர் மரியாதையாக மறுத்தார். நான் அவருடைய வீட்டம்மாவைப் பற்றிக் கேட்பேன், அவர் சொல்வார். கோபம் வந்தால் அவள் பாத்திரத்தை எப்படி வைப்பாள், எந்தப் புடவையில் எப்படி இருப்பாள், எனக்கு டைபாய்டு வந்த வருடம் அவர் மொட்டை மாடியில் தனியாக நின்று அழுதது. எல்லாம் முதல் ஒன்பது நாளில் தெரிந்துகொண்டேன். முப்பத்துநான்கு வருடம் பக்கத்தில் படுத்துக் கிடந்தும் தெரியாதது.

பத்தாம் நாள் குழாய்வரை நடக்க முடியவில்லை. குரல் தாழ்ந்துவிட்டது. ஈரத் துணியால் உதட்டை நனைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அவ வந்துடட்டும். அவ கையால சாப்பிட்டுக்கறேன்."

பென்சில் கண்ணாடிக்கு முன்னால்தான் இருந்தது. எடுக்கப் பத்தடி நடக்க வேண்டும். எடுத்தால் டீக்கறை திரும்பி வருவாள், இந்த மனிதர் போய்விடுவார். இன்னும் ஒன்று சொல்லட்டும், இன்னும் ஒரே ஒன்று, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பதின்மூன்றாம் நாள் டாக்டர் வந்து, சாவுக்குக் காரணம் வயோதிகம் என்று எழுதிக்கொடுத்தார். மகள் வந்து என் கன்னத்தைப் பார்த்து, "பளிச்சுன்னு இருக்கம்மா" என்று சொல்லி அழுதாள்.

அவர்மேல் இருந்த ஆசையால்தான் இப்படிச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எனக்கும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பதின்மூன்று நாளும் அவர் தொடாத கஞ்சியை, உப்புப் போட்டு, நான்தான் குடித்தேன்.