417ஆம் எண் போல்ட்

பழைய மரத்துக்கு வார்னிஷ் அடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. உங்கள் மேசையைப் பார்த்ததும் அதுதான் தோன்றியது. நல்ல ஓக் மரம். பளபளப்புக்கு ஆசைப்பட்டு யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, வாரத்துக்கு ஒரு முறை தேய்த்திருந்தால் போதும், மரம் தானே மூச்சுவிட்டுக்கொண்டு இருந்திருக்கும்.

நேற்று விசாரணையில் மூன்று மணி நேரம் வாயைத் திறக்காதவன் இன்று தானாக வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம், கெல்சோ மேடம். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். நாற்பது வருஷம் கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். எதையும் கழற்றிய வரிசையில் வைத்தால்தான் எனக்குக் கை ஓடும்.

என் அப்பா எமெட் ஸ்டாஃபர், போர் முடிந்து ஜப்பானிலிருந்து திரும்பும்போது ஒரு கார்பைன் கொண்டுவந்தார். குதிரைப்படைக்காரர்களுக்கென்று செய்த குட்டைத் துப்பாக்கி. குழலுக்கு அடியில் மடக்கிவைக்கிற கத்தி இருக்கும். எண் 2417. மேலே ஜப்பான் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை. சரணடைந்தபோது பெரும்பாலும் அதை அரைத்து எடுத்துவிட்டார்கள், இதில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தால் என்னைப் போன்ற ஆட்கள் இரண்டு முறை விரலால் தடவிப் பார்ப்போம். அப்பாவுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. மான் வேட்டைக்குக் கனமாக இருக்கிறதென்று கத்தியைக் கழற்றி எறிந்தார். முன்கட்டையை ஒரு சாண் அறுத்தார். குழல் துடைக்கும் கம்பியால் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்தார். போரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சரியாகச் சொன்னால், உப்பை எடு, கதவைச் சாத்து என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதே குறைவு.

வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் வேறு மனிதராக இருப்பார். நவம்பரில், கூடவே படையில் இருந்த க்ளைட் ரீகருடன் மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போவார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருக்கும். க்ளைட் தன் மகன் டெல்பர்ட்டையும் அழைத்துப் போவார். அப்பா என்னை அழைத்துப் போனதில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. வரிசைக்காகச் சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அன்றிலிருந்து அந்தக் கார்பைனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். புதிதாகச் செய்த போலிப் பாகம் ஒன்றுகூட இல்லை. அதே பட்டறையில், அதே வருஷத்தில் செய்ததாக இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன். கத்தி ஒரேகன் மாநிலத்தில் ஒரு விதவையிடம் கிடைத்தது. கட்டை கிடைக்கப் பதினோரு வருஷம் ஆனது. பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு துண்டுக் கம்பிக்கு ஆறு வருஷம். ஒரு திருகாணிக்காக நானூறு மைல் காரோட்டியிருக்கிறேன். திருகாணி எண்ணெல்லாம் தெரிகிறது, என் பிறந்தநாள் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு என் மனைவி என்னை விட்டுப் போனாள். மார்ச் ஒன்பது. தெரியாமல் என்ன.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஒன்று மட்டும் மிஞ்சியது. போல்ட். பின்னால் இழுத்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு. அதில் துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கம் இருக்க வேண்டும். என்னுடையதில் 417 இல்லை, 603 இருந்தது.

பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. ஜப்பான் துறைமுகத்தில் ஊருக்குக் கிளம்பிய சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு துப்பாக்கி நினைவுக்கென்று கொடுத்தார்கள். யாரும் சுட்டுவிடக்கூடாதென்று போல்ட்டுகளை முன்கூட்டியே உருவி, துப்பாக்கிகள் ஒரு குவியல், போல்ட்டுகள் ஒரு குவியல் என்று போட்டு வைத்திருந்தார்கள். இந்தக் குவியலில் ஒன்று, அந்தக் குவியலில் ஒன்று என்று கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். குவியல் போட்டவன் ஒரு கயிறெடுத்து இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று முப்பது வருஷம் யோசித்திருக்கிறேன்.

டெல்பர்ட்டை உங்களுக்குத் தெரியும். படத்தில் பார்த்திருக்கிறீர்கள். உயிரோடு பார்த்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். எல்லோருக்கும் பிடிக்கும். கண்காட்சித் திடலில் மாதம் ஒருமுறை கூடுகிற துப்பாக்கிச் சந்தையில் எனக்குப் பக்கத்து மேசை அவனுடையது. அவனுக்கு எண், வருஷம் எதுவும் முக்கியமில்லை. எது எப்படி வந்ததோ அப்படியே கிடக்கட்டும் என்பான். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவன் சொர்க்கத்துக்குப் போனாலும் வாசக்கதவு ஆணியில நம்பர் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுத்தான் உள்ள நுழைவான்" என்பான். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

க்ளைட் தொண்ணூற்றேழு வயது வரை இருந்தார். அவரும் ஒரு கார்பைன் கொண்டுவந்தவர்தான். ஆனால் அதை வெளியாள் யாரையும் தொட விடமாட்டார். அவர் போன பிறகு, போன வருஷம் பிப்ரவரிச் சந்தையில், டெல்பர்ட் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். எண் 2603. போல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். 417.

அன்று சாயங்காலம் வரை எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நினைத்தேன். அவனிடம் என்னுடையது, என்னிடம் அவனுடையது. மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும், இரண்டு கார்பைனும் சரியாகிவிடும். அவன் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்றான். பதினான்கு மாதம் கேட்டேன். என்னிடமிருந்த ஜப்பான் ராணுவ அதிகாரிகளின் வாள் இரண்டையும் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அப்பா வைத்தபடி இருக்கட்டும் என்றான். பன்றி இறைச்சி வறுத்துக் கூப்பிடுவான், போவேன், சாப்பிடுவேன், கேட்பேன், மறுபடி சிரிப்பான். கோபித்துக்கொண்டதே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஏப்ரல் பதின்மூன்று, சனிக்கிழமை, மதியம் சாப்பிட வரச் சொன்னான். மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாக ஒரு குழம்பு, பட்டறையிலிருந்த சின்ன அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. என் கார்பைனைக் கொண்டுவரச் சொன்னதும் அவன்தான். முழுதாகச் சேர்ந்த நிலையில் அதை ஒரு படம் எடுத்துக்கொள், அந்த ஆசை தீரட்டும் என்றான். தன் போல்ட்டை உருவி என் கையில் கொடுத்தான்.

"போட்டுப் பாரு. ஆசை தீர ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுக் குடுத்துடு" என்றான்.

என் பழைய போல்ட்டை உருவிப் பைக்குள் வைத்துவிட்டு, 417ஐப் போட்டேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், சத்தமே வேறு. அப்போதுதான் அவன் அந்தக் கதையைச் சொன்னான்.

"ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். ஒங்கப்பா சொல்லலயா? ரெண்டு பேரும் அந்தக் குவியல்ல அரை நாள் உக்காந்து தேடி, அவங்கவங்க நம்பரக் கரெக்டாக் கண்டுபுடிச்சுட்டாங்கப்பா. அப்புறம் கப்பல்ல வச்சு வேணும்னேதான் மாத்திக்கிட்டாங்க. ஊருக்குப் போனா அவனவன் பொழப்பப் பாக்கப் போயிருவான், வருஷத்துக்கு ஒரு தடவயாவது ரெண்டு துப்பாக்கியும் ஒண்ணு சேரணும், அந்தச் சாக்குல நாமளும் சேரணும்னு. ஒங்கப்பாதான் சொன்னாராம். அடியில பாரு, அவரு பேரு இருக்கு."

அடியில் பார்த்தேன். ஆணியால் கீறியதுபோல், எமெட் என்று இருந்தது. அப்பாவின் கையெழுத்துத்தான். மளிகைப் பட்டியல்களில் பார்த்திருக்கிறேன்.

நியாயமாகப் பேசுவோம். அவன் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. என்னிடமிருந்த 603இன் அடியிலும் ஒரு கீறல் இருந்தது. அப்பா இறந்த வருஷமே, பழுதென்று நினைத்து, எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுத்துவிட்டேன். க என்று ஆரம்பித்தது என்பதுவரை இப்போது நினைவுக்கு வருகிறது. அப்பா அரை நாள் உட்கார்ந்து எண்ணைத் தேடினார் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மீதி, டெல்பர்ட்டுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போன பல விஷயங்களில் ஒன்று. எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. பட்டறையில் ஒரு அளவு தப்பென்று தெரிந்தால் வருத்தப்படமாட்டோம், சரிசெய்வோம்.

தோட்டா ஏன் கொண்டுபோனீர்கள் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஒன்றுதான் கொண்டுபோனேன், சட்டைப் பையில். போல்ட் பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்று போதும். டெல்பர்ட் குழம்பைக் கிளற அந்தப் பக்கம் திரும்பினான். திரும்பி வந்தவன் கையை நீட்டினான். "போதும்ப்பா, குடு" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு உள்ளதை உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். அளவுகள் சரியாக இருக்கின்றன.

குழம்பு அடிபிடிக்கக்கூடாதென்று அடுப்பை அணைத்தேன். அவன் கார்பைனை அவன் பக்கத்தில் வைத்தேன். காலித் தோட்டாவையும் துடைக்கும் துணியையும் அந்தந்த இடத்தில் வைத்தேன். தனியாக இருந்த வயதான மனிதர், பழைய துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சவப்பெட்டியைத் தூக்கியபோது இடது பக்கம், நடுக் கைப்பிடி என்னுடையது. மறுநாள் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுபோய் அவன் மகள் ரோண்டாவிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அப்பாவின் துப்பாக்கிகளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவள்தான் கூப்பிட்டாள். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். தாத்தாவின் கார்பைனை என் பக்கம் நகர்த்தினாள்.

"நம்ம துப்பாக்கியில நம்பர் சேராது, அது ஒரு சிநேகிதனோட சாமான்னு தாத்தா நான் சின்னதுலேர்ந்து சொல்லுவாரு. இப்ப சேருதே. எப்படி, லோவல் அங்கிள்?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியமே உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் நேற்று இதைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என் பெட்டியில் எண் சேராத பழைய போல்ட்டுகள் மூன்று கிடந்தன. போய் எடுத்து வந்து, அதில் ஒன்றை அவன் கார்பைனில் போட்டிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். அவ்வளவும் வேண்டாம், 417ஐ அவன் கார்பைனிலேயே திரும்பப் போட்டுவிட்டு வந்திருந்தால் ரோண்டா நாலு மாதத்தில் எல்லாவற்றையும் விற்றிருப்பாள், முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. 603 என் பையில் இருந்தது, 2603 தரையில் இருந்தது, அதை அதில் போட்டேன். தெரிந்தே தப்பான பாகத்தைப் போட எனக்குக் கை வராது. கப்பலில் மாற்றிக்கொண்ட பிறகு அந்தக் கார்பைன் முதல் முறையாக அன்றுதான் முழுதாக இருந்தது. டெல்பர்ட்டுக்கு நான் செய்த நன்மை அது. ஒருவரும் அதைச் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்.

வீட்டுக்குப் போனதும் 417இன் அடியிலிருந்த கீறலை எடுத்துவிட்டேன். மூன்று நாள் வேலை. தொழிற்சாலையில் போட்டதில்லை அது. பிறகு யாரோ கீறியது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். இன்று காலை என்னை உங்கள் வழக்குச் சாமான் அறையைத் தாண்டிக் கூட்டி வந்தார்கள். கதவு திறந்திருந்தது. உங்கள் ஆள், நல்ல பையன்தான், பாதுகாப்புக்கென்று இரண்டு கார்பைனிலும் போல்ட்டை உருவியிருந்தான். துப்பாக்கிகளைச் சுவரோரம் சாத்தியிருந்தான். போல்ட்டுகள் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டிருந்தான். சீட்டு இல்லை. கயிறு இல்லை. ரோண்டா தாத்தாவின் துப்பாக்கியைப் பழையபடியே, 417 போல்ட்டோடு கேட்கிறாள் என்றும் சொன்னான்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி, மதியம் ஒன்றேகாலுக்கு, டெல்பர்ட் ரீகரை அவன் பட்டறையில் நான்தான் சுட்டேன். நெஞ்சில், நாலடி தூரத்தில், 2417ஆம் எண் கார்பைனால். அதிலிருந்த போல்ட் 417. அது அதனுடையது. 603 மற்றதனுடையது. இதை அப்படியே, இரண்டு எண்ணையும் தெளிவாகப் போட்டு எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கையெழுத்துப் போட்டதும் யாரையாவது அனுப்பி இரண்டிலும் சீட்டுக் கட்டச் சொல்லுங்கள், மேடம். குவியல் போட்ட எவனோ ஒருவன் கவனமில்லாமல் இருந்ததால் எவ்வளவு பெரிய கெடுதல் நடந்துவிட்டது, பார்த்தீர்கள்தானே.