ஒரே பூட்டில் இரண்டு பேர்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூப்பர்களே, என் முடி கறுத்திருந்த காலம் முதல் எனக்காக முழங்கால் மடக்கி மன்றாடிய தாய்மார்களே, கடைசி வரிசையில் கதவோரம் இடம்பிடித்திருக்கும் சகோதரர்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

'தேவன் முன்குறித்த நிமிடம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உலகம் உருவாகும் முன்னே நம்மை உள்ளத்தில் வைத்தவர் அவர். வழி தெரியாத நமக்கு வழியை வகுத்தவர் அவர். நம்புகிறேனா? நம்புகிறேன். நெஞ்சார நம்புகிறேன். அவர் அறியாமல் நம் வாழ்வில் ஒரு நிமிடமும் நகர்வதில்லை.

அந்த நிமிடம் உங்களுக்குத் தெரியும். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியிலிருந்து நான் வெளியே வந்தேன். உடனே லிஃப்ட் இறங்கியது. குழிக்குள் இருந்த என் கூட்டாளியின் வலது கால் நசுங்கியது. "உன்னைத் தேவன்தான் வெளிய கூப்பிட்டாரு" என்று சபையே சொன்னது. யார் அங்கே 'ஆமென்' சொன்னது? ஐயா, அவசரப்பட்டுவிட்டீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைத் தானே அதில் மாட்ட வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. வெளியே வருகிறவர் தன் பூட்டை மட்டும் கழற்றுவார். மற்றவர் பூட்டு தொங்கும் வரை சுவிட்சை எவராலும் போட முடியாது. என் கூட்டாளியை 'மீசை' என்று கூப்பிடுவோம். நாற்பது வயதாகியும் அவனுக்கு மீசை முளைக்கவில்லை. சிரியுங்கள், அவனும் சிரிப்பான். அன்றைக்கு மீசை தன் பூட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தான்.

"அண்ணே, ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"அட, பத்து நிமிஷ வேலைடா. என் பூட்டு ஒண்ணு போதும், இறங்கு" என்றேன்.

சொன்னது நான். பாதி வேலையில் தாகம் எடுத்து ஏறி வந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போனது. பூட்டைக் கழற்றினேன். சுவிட்சைப் போட்டேன். அலறல் கேட்டது.

விசாரணைத் தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? 'சொந்தப் பூட்டை மாட்டாதது அவருடைய கவனக்குறைவு.' திங்கட்கிழமை அவனை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவியிடம், "எல்லாம் தேவ சித்தம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தேவனை ஏன் அண்ணே நடுவுல இழுக்கறீங்க? இறங்குன்னு சொன்னது நீங்க. 'அண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க, ஆபீஸ்ல சொல்லிடாதே'ன்னு இவரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

அன்பர்களே! என்னை எதற்கு உயிரோடு வைத்தார்? மேடை ஏறவா? மார் தட்டவா? நடந்ததை மறைத்துவிட்டு, நல்லவன் என்று பெயர் வாங்கவா?

அவர் வகுத்தது முழுவதும் எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் விளங்குகிறது. தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கச்சி, உன் புருஷன் வாங்கிய சத்தியம் உன்னைத்தான் கட்டும், என்னைக் கட்டாது!

வேண்டாம், கைதட்டாதீர்கள். சாட்சி சொல்ல அழைத்தீர்கள், குற்றவாளியாகப் பேசிவிட்டேன். காதுகொடுத்த சபைக்கு நன்றி. இன்றிரவு எனக்காக ஜெபிக்காமல் அவன் காலுக்காக ஜெபியுங்கள். வணக்கம்.