இருபத்திரண்டாம் தலைமுறை

வாளியைச் சாய்த்து ஆராய்ச்சி நிலைய மைதானத்துப் புல்லின் மேல் ஊற்றினேன். "தள்ளி நில்லுங்க சார், ஷூ நனைஞ்சிடும்" என்றேன். வெறும் சோப்புத் தண்ணீர்தான். வேரடியில் ஒளிந்திருக்கும் புழு எரிச்சல் தாங்காமல் மேலே வரப் பத்து நிமிடம் ஆகும். விசாரணை அதிகாரிக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"இதுல என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறோம்? புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி இயற்கையாவே வந்திடுச்சுன்னு உங்க ஆராய்ச்சி நிலையமே எழுதிக் கொடுத்தாச்சு. ஒரு கையெழுத்துப் போடுங்க, ஃபைலை மூடிடலாம்."

போட்டிருக்கலாம். இயற்கை என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இயற்கைக்கு இந்த வேலைக்கு இருபது வருடமாவது ஆகும். நான் இரண்டே வருடத்தில் முடித்தேன்.

"உட்காருங்க சார், சொல்றேன்."

என் வேலை படைப்புழு வளர்ப்பது. மைதானப் புல்லையும் மக்காச்சோளத்தையும் ஒரே ருசியோடு தின்னும் ஜாதி. ஆராய்ச்சிக்காகக் கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுத் தீனி வைக்க வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். நிலையத்தில் எனக்குப் 'புழு மாமா' என்று பெயர். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தங்கையின் கணவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். எந்த மருந்துக் கலவை, எந்த வயதுப் புழுவுக்கு, எவ்வளவு என்று ஒன்பது வருடம் கிண்ணம் கிண்ணமாகச் சோதித்துக் கண்டுபிடித்தவனும் நான்தான். ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி அதைச் சொன்னவர் மாப்பிள்ளை. மறுநாள் பேப்பரில் அவர் படம். நான்கு பத்திச் செய்தியில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"நான் சொன்னேன் மச்சான், பேப்பர்காரன் வெட்டிட்டான்" என்றார்.

"பரவாயில்ல மாப்ளே. காபி ஆறுது, குடிங்க."

தங்கை சிரித்தாள். "எங்கண்ணனுக்குப் பேரு எதுக்கு? அவரைப் பார்த்தா புழுவே எந்திரிச்சு நிக்குமே."

நானும் சிரித்தேன். அந்த வாரமே ஏழாம் கூண்டை ஆரம்பித்தேன்.

தீனியில் மாப்பிள்ளையின் மருந்தைத் துளி கலந்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு செத்தன. பிழைத்த பத்தும் அந்துப்பூச்சியானதும் இனம் சேர்த்து, அவற்றின் குஞ்சுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இருபத்திரண்டாம் தலைமுறைக்கு மருந்தை அப்படியே ஊற்றினேன். சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. அவ்வளவு திருப்தி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

இந்தப் பருவத்தில் பரிந்துரைச் சீட்டில் மாப்பிள்ளை போட்ட கையெழுத்தை நம்பி முந்நூறு குடும்பங்கள் அந்த மருந்தை வாங்கின. மைதான வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் அவர்களுடைய மக்காச்சோளம். பொழுது சாயும் நேரத்தில் வேலியோரம் நின்று கூண்டைத் திறந்து அந்துப்பூச்சிகளை விட்டேன். புல்லை மட்டும்தான் குறிவைத்தேன் என்று நான் சொன்னால் நம்புவீர்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.

மருந்து கேட்கவில்லை. ஜனங்கள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "கையெழுத்துப் போட்டது நீதானே? நீயே வந்து அடிச்சுக் காட்டு." அவர் சொரணை உள்ள மனிதர். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனார். போவார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் வளர்ப்பு அறைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உங்களாலதான் முடியும் மச்சான். ஏன் சாக மாட்டேங்குதுன்னு பாருங்க."

"பார்க்கிறேன் மாப்ளே. அதுவரைக்கும் ரெண்டு மடங்கா அடிங்க" என்றேன்.

அடித்தார். அதற்கும் புழு சாகாமல் போகவே நான்கு மடங்கு அடித்தார். வியர்க்கிறதென்று முகமூடியைக் கழற்றிவிட்டாராம். ஐந்தாம் நாள் வரப்பில் விழுந்தவர், ஆஸ்பத்திரியில் கண் திறக்கவேயில்லை. நான் அவர் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்தப் புழு ஏண்ணே சாகல?" என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

சொல்லி முடித்தபோது அதிகாரியின் காலடியில் எட்டுப் புழுக்கள் மேலே வந்திருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. ஃபைலிலிருந்து அந்த மருந்துக்கு நிலையம் அச்சடித்த பரிந்துரைப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். கண்டுபிடித்தவர் என்று என் பெயர் தனியாக, பெரிய எழுத்தில் இருந்தது. உதவி என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர்.

"இதைப் பார்க்காமப் போயிட்டீங்களே சார்" என்றார். அவர் குரலில் பரிதாபம் இருந்தது.

அந்தப் பரிதாபத்தை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதியை மாப்பிள்ளையே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "முதல் பக்கத்தைப் பிரிங்க மச்சான்" என்று கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

கூண்டைத் திறந்தது அதற்கு மறுநாள்.