படகு நின்ற புள்ளி

சத்தியவேட்டிலிருந்து தடா போகிற பஸ்ஸில், என் பின்சீட்டில் ஒருவர் அழுத்தமாகச் சொன்னார்: "நான் திருடல, தூங்கினேன். அதுக்குச் சாட்சி கீது."

போனில் வழி பார்த்தும் தப்பான பஸ்ஸில் ஏறியிருந்த நான், என் கவலையை விட்டுவிட்டு காதைத் தீட்டிக்கொண்டேன்.

பேசியவர் படகுக்காரர், பக்கத்தில் அவர் மச்சான். பழவேற்காடு ஏரியில் ஊருக்கு ஊர் முறை வைத்துத்தான் வலை போடுவார்களாம். அடுத்த ஊர் முறையன்று இவர் அவர்கள் இடத்தில் வலை போட்டதாகப் புகார். சாயங்காலம் பஞ்சாயத்து. இல்லையென்று காட்டாவிட்டால் இந்த வருஷம் ஏரியில் இறங்க விடமாட்டார்கள்.

"படகு போன வழி முழுக்க நான் எடுத்தும்போன டேப்லெட்ல கோடா வுழுந்து கீதுடா. மேப்பே சொல்லும்."

"கோடு எங்க மாமா? தீவாண்ட போயி ஒரே புள்ளியா நிக்குதே!"

"அவங்க எடத்தாண்டயே போவாம அங்கதான் நங்கூரம் போட்டுட்டுப் படுத்துக்கினு இருந்தேன்."

"அன்னிக்கு மீனே படலன்னு அக்காகிட்ட சொன்னியே?"

"படலதானே!"

"இத்தக் காட்டினா ஊரே சிரிக்கும் மாமா."

"சிரிக்கட்டும். திருடன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது. காட்டியே தீருவேன். உங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பாமலே குரல் கொடுத்தார்:

"டேய் தம்பி, அதுல சார்ஜ் கீதா பாரு மொதல்ல. உங்க மாமா தூங்கின எடத்தப் பஞ்சாயத்துல நானே காட்டறேன்."