சுத்தத் தொட்டியில் செம்புக் கம்பி

சிப்பிக்கு ரத்தம் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓட்டை லேசாகத் திறந்து, தசையில் ஊசியைச் செலுத்தி, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த ரத்த அணுக்களின் நொதி ஒழுங்காக வேலை செய்தால், மருந்து விட்டதும் துளி பழுப்பாகும். உடம்பில் உலோகம் ஏறியிருந்தால் வெளுத்தே கிடக்கும். இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவள் நான்.

ஆய்வகத்தில் இரண்டு தொட்டிகள். ஒன்றில், பேட்டரி ஆலையின் கழிவு விழும் கரையில் பிடித்த சிப்பிகள். மற்றதில், தூரத்துச் சுத்தமான கடலிலிருந்து வந்தவை. முதலாவது வெளுத்து, இரண்டாவது பழுப்பானால் ஆலையின் கழிவுக் குழாயை அடைத்துவிடுவார்கள். அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் கூப்பிட்டார். ஆய்வு இனித் தன் மருமகன் பெயரில் போகும் என்றார்.

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணும்மா. அவனுக்கு இப்பதான் கல்யாணம் ஆகியிருக்கு, நாலு பேர் மதிக்கணும். உனக்கென்ன, தனிக்கட்டை."

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஊசி பிடிக்கத் தெரியாத அந்த மருமகன் என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னையே டீ வாங்கிவரச் சொன்னான். வாங்கி வந்தேன். பிறகு ஒரு செம்புக் கம்பியைச் சுரண்டி, சுத்தத் தொட்டியின் கூழாங்கற்களுக்கு அடியில் செருகினேன். செம்பும் உலோகம்தான்; அது கரைந்த தண்ணீரில் கிடந்தால் சுத்தமான சிப்பியின் ரத்தமும் வெளுத்துவிடும்.

அதிகாரிகள் முன்னால் நடந்த இறுதிச் சோதனையில் இரண்டு தொட்டியும் ஒன்றுபோல் வெளுத்தன. மருமகன் திருதிருவென்று முழித்தான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வித்தியாசமே இல்லாததால், ஆலைமேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்களுக்குச் சிப்பி பிடித்துத் தருகிறவள் அந்தக் கரையில்தான் குடியிருக்கிறாள். வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களாமே. இனி பசங்களுக்குச் சிப்பி ஆக்கிக் கொடுக்கலாமா?"

"தாராளமா கொடும்மா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் தொட்டியைக் கிளறியிருப்பார்கள்.

சில மாதங்களில் அவளுடைய மூத்த பெண் வலிப்பு வந்து இறந்துவிட்டாள். சின்னவனுக்குப் பேச்சு போய்விட்டது. ரத்தத்தில் ஈயம் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் அக்கா வந்து பார்த்தீங்க" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கம்பியை வைத்தது நான்தான். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். குழந்தைகளைப் பற்றி மருமகனிடம் கேளுங்கள். ஆய்வு அவன் பெயரில்தானே இருக்கிறது.